பதினேழாவது ஜன்னல்

ஜெர்மனியிலிருந்து தீனா அனுப்பிய அட்டைப் பெட்டிக்கு இருபத்தைந்து ஜன்னல்கள். டிசம்பர் முதல் தேதி தொடங்கி கிறிஸ்துமஸ் வரை நாளுக்கு ஒன்றாகத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மைப்புட்டி. இருபத்தைந்து நாள், இருபத்தைந்து நிறம். தொட்டு எழுதக் கூடவே ஒரு கண்ணாடிப் பேனா.

இரண்டு வருடமாக இளைய மகன் தீனாவோடு பேசாத கந்தசாமி, பெட்டி வந்த அன்று அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த மூத்த மருமகள் லாவண்யா, அவர் முதல் மூன்று ஜன்னல்களையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"நம்ம காலண்டர்ல ஒரு நாள் போனா கிழிக்கிறோம். அவன் ஊர்ல திறக்கிறானுங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அது அவருடைய பூஜையில் ஒரு பகுதி ஆகிவிட்டது. குளித்து, விபூதி பூசி, விளக்கின் முன் கும்பிட்டுவிட்டு அன்றைய ஜன்னலைத் திறப்பார். புட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை லாவண்யா படிக்கப் போனால் கையை உயர்த்தித் தடுத்துவிடுவார். பேனாவைத் தொட்டு, ஒரு பள்ளிக்கூட நோட்டில் வெற்றிலை அளவுக்கு மையைத் தடவி, பக்கத்தில் தானே ஒரு பெயர் எழுதுவார். குங்குமம். மாம்பழம். வெங்காயத் தோல்.

மூன்றாவது புட்டியில் பொன்துகள் மிதந்தது. எழுதிய கோட்டைச் சாய்த்துப் பார்த்தால் அதில் ஜரிகை ஓடியது. ஏழாவது, எழுதும்போது அரக்கு; காய்ந்ததும் ஓரத்தில் பச்சையாக மினுங்கியது, நீளவாக்குப் பாவு ஒரு நிறமும் குறுக்கு ஊடை ஒரு நிறமுமாக நெய்த பட்டைப்போல. பன்னிரண்டாவதில் ஏதோ பேர் தெரியாத மரத்தின் வாசனை.

எழுதி முடித்ததும் பேனாவை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுவார். நிறம் புகைபோலச் சுருண்டு சுருண்டு கீழே இறங்கும். அது அடியைத் தொடும்வரை வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். லாவண்யாவின் கணவன் ராஜ்குமார்கூட, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டாலும், சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி நின்று பார்த்துவிட்டுத்தான் போவான்.

அவருக்குத் தெரியாமல் லாவண்யா தினமும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தீனாவுக்கு அனுப்புவாள். அவனும் அங்கே அதே பெட்டி இன்னொன்று வாங்கி வைத்திருந்தான். அப்பா திறக்கிற அன்று, அவன் ஊர் விடியும்போது அவனும் அதே ஜன்னலைத் திறப்பான். இது அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அப்பா மகன் சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை. ரசாயனம் படித்த மகன் சாயப்பட்டறையைப் பார்த்துக்கொள்வான் என்று கந்தசாமி நம்பியிருந்தார். அவன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினான். கிளம்பும்போது, "கண்ணால பாத்து நெறம் சொல்றதெல்லாம் இனிமே எதுக்குப்பா, மெஷின் சொல்லிடும்" என்றான். நாற்பது வருடம் கண்ணை நம்பியே சாயம் போட்டவருக்கு அது முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

* * *

மார்கழி இரண்டாம் நாள். தெருவில் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பெருமாள் கோயில் ஒலிபெருக்கியின் பாட்டு பனிக்குள் நுழைந்து, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் நிறைந்திருந்தது.

கந்தசாமி பதினேழாவது ஜன்னலைத் திறந்தார். மையைத் தடவினார். வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, 'நீலம்' என்று எழுதினார்.

எழுதிவிட்டு, தினமும் செய்வதுபோல நோட்டை லாவண்யாவின் பக்கம் திருப்பி வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

லாவண்யாவின் கண்ணுக்கு அது கத்திரிப்பூ நிறம். சந்தேகமே இல்லாத ஊதா. ஆனால் அந்த வீட்டில் கந்தசாமி சொன்ன நிறத்துக்கு யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. வீட்டில் என்ன, ஆரணியிலேயே பேசியதில்லை. அவர் நீலம் என்றால் நீலம். தனக்குத்தான் விளக்கு வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். படம் எடுத்து அனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

மாமியார் கன்னியம்மாள் வீட்டில் இல்லாமல் இது பத்தாவது நாள். சேத்துப்பட்டில் தங்கை கால் ஒடிந்து படுத்திருக்கிறாள் என்று போனவள், இன்னும் திரும்பவில்லை.

ஒன்பது மணிக்கு முள்ளிப்பட்டு எல்லப்பன் வந்தார். சைக்கிளில் ஒரு மூட்டை, சாயம் போடாத பட்டு நூல். கையில் வாழை இலையில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ வீட்டுக் கல்யாணப் பெண்களுக்கு நெய்துகொடுத்த மனிதர். தன் வீட்டுப் பெண்ணுக்கு நெய்யப்போவது இதுதான் முதல் தடவை. மகள் பவித்ராவுக்குத் தை பத்தாம் தேதி கல்யாணம். இன்று சாயம் போட்டால்தான் நாளை பாவு ஏற்ற முடியும். நாளை ஏற்றினால்தான் முகூர்த்தத்துக்குள் தறியிலிருந்து இறக்க முடியும்.

பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு கத்திரிப்பூ.

"இந்த நெறம்தான் ஓணுமாம் அண்ணா. தோட்டத்துல போயி அவளே பறிச்சிகினு வந்து குடுத்தா" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

பூ எதற்கு, பேரைச் சொன்னால் போதாதா என்று கந்தசாமி கேட்டார். பூவைச் சாய டப்பாக்கள் இருந்த அலமாரியில் வைத்தார். அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

* * *

பத்தரை மணிக்குத் தீனாவிடமிருந்து செய்தி வந்தது.

'அண்ணி, 17 நீலம் இல்லையே. என் பெட்டியில ஊதா. முன்ன ரெண்டு நாள் பேர் இடிச்சப்போ போட்டோ வெளிச்சம்னு விட்டுட்டேன். உங்களுக்கு மாறி வந்திருக்கா?'

லாவண்யா அரிவாள்மனையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். நோட்டை எடுத்து வாசல் வெளிச்சத்துக்கு வந்தாள். இப்போது நல்ல வெயில். அது ஊதாதான்.

பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். குங்குமம் குங்குமமாகத்தான் இருந்தது. மாம்பழம் மாம்பழம்தான். ஆனால் ஒன்பதாம் நாள் 'கறுப்பு' என்று எழுதியிருந்த இடத்தில் இருந்தது ஆழ்ந்த நீலம். பதினான்காம் நாள் 'பச்சை' என்று எழுதியிருந்தது மயில் நீலம். அன்றும் அவள் பார்த்தாள்தான். மாமா சொன்னால் சரியாக இருக்கும் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

பட்டறையில் அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது.

அவள் நோட்டை மூடினாள். பட்டுக்குச் சாயம் தவறிப்போனால் திருப்புவது எளிதல்ல. மறுபடி காய்ச்சினால் பட்டின் உயிர் போய்விடும். பவித்ராவுக்கு வேறு பட்டும் இல்லை, வேறு நாளும் இல்லை. அதற்காக எல்லப்பன் எதிரில் போய், மாமா, உங்களுக்கு நிறம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னபிறகு அந்த மனிதர் எந்த முகத்தோடு அந்தப் பட்டறைக்குள் நிற்பார்?

பிள்ளையார் படத்தின் முன் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு சேத்துப்பட்டுக்குப் போன் செய்தாள். மாமாவின் கண் என்று ஆரம்பித்ததுமே மறுபக்கத்திலிருந்து குரல் குறுக்கிட்டது.

"சாயம் போட ஆரம்பிச்சிட்டாரா?" என்றாள் கன்னியம்மாள்.

"அடுப்பு மூட்டிட்டாரு அத்தை. எல்லப்பன் வீட்டுப் பட்டு. கத்திரிப்பூ."

"கேளு. போன ஆடியிலருந்து அவருக்கு நீலமும் ஊதாவும் ஒண்ணாத்தான் தெரியுது. அவரு சொல்லல. நானும் கேக்கல. நெறம் வந்துட்டுதுன்னா நான் பட்டறை வாசப்படில நின்னு, 'கஞ்சி ஆறுது, வாங்க'ன்னுவேன். திட்டிகினே எறக்கிடுவாரு."

அந்தக் கூப்பாடு லாவண்யாவுக்குத் தெரியும். எத்தனை நாள் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள். வேலை செய்கிற மனிதரை இப்படிப் பேஜார் பண்ணுகிறாளே அத்தை என்று ராஜ்குமாரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள்.

"நீங்க எதுக்குக் கூப்பிடறீங்கன்னு மாமாவுக்குத் தெரியுமா அத்தை?"

"கல்யாணமாயி முப்பத்தெட்டு வருஷமாச்சி. தெரியுமா தெரியாதான்னு யாரு கேட்டுகினு இருக்கா. நீ போ. ஈரத்துல பாத்து முடிவு பண்ணிடாத. ஈரப்பட்டு பொய் சொல்லும். நாலு இழையைப் பிழிஞ்சி, ஊதிக் காயவெச்சிப் பாரு. பூவுகிட்ட வெச்சிப் பாரு."

* * *

பட்டறை முழுவதும் ஆவி. கூரைக் கண்ணாடி வழியாக விழுந்த வெயில் அந்த ஆவியில் தூண்போல நின்றது. செப்பு அண்டாவின் இரண்டு பக்கமும் கந்தசாமியும் எல்லப்பனும் நின்று, கழிகளில் மாட்டிய பட்டு நூல் கற்றைகளான சிட்டங்களைத் திருப்பித் திருப்பி முக்கிக்கொண்டிருந்தார்கள். டப்பாக்கள் நாற்பது வருடமாக ஒரே வரிசையில் இருப்பதால் எடுப்பதில் அவருக்குத் தவறு வரவில்லை. முதலில் நீலம் போட்டாயிற்று. இனி கரண்டி நுனியால் சிவப்பு, கொஞ்சம் கொஞ்சமாக. எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நுனி கூடினால் கத்திரிப்பூ, நாவல்பழமாகிவிடும்.

லாவண்யா அலமாரியில் பூவைப் பார்த்தாள். அடுப்பு அனலில் அது வாடி, ஓரம் பழுத்து, நிறம் மாறிப்போயிருந்தது.

அவளுக்கு ஒரு கணம் எதுவுமே தோன்றவில்லை. பிறகு நினைவு வந்தது. காலையில் பூ வந்தபோது அவளும் பார்த்தாளே. நோட்டில் காய்ந்திருக்கும் பதினேழாவது மை அந்தப் பூவேதான். அது வாடாது.

நோட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தவள்போல அண்டாவின் ஓரமாக நின்றாள். ஒரு சிட்டத்தின் முடிச்சிலிருந்து நாலு இழையை இழுத்து, பிழிந்து, மெல்ல ஊதினாள். முந்தானை மறைவில் மையின்மேல் வைத்தாள். இன்னும் நீலம்.

ஒரு நுனி சிவப்பு விழுந்தது. சிட்டங்கள் புரண்டன. எல்லப்பன் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி நாலு இழை. கிட்டே வந்துவிட்டது, ஆனால் வரவில்லை.

இன்னொரு நுனி. தண்ணீருக்குள் சிவப்பு, டம்ளரில் மை இறங்குவதுபோலவே சுருண்டு இறங்கிக் கரைந்தது. கந்தசாமி ஒரு கழியைத் தூக்கி வெயில் தூணில் பிடித்தார். அவர் புருவம் சுருங்கியது. வாய் திறந்து எதையோ கேட்க வந்ததுபோல் இருந்தது. கேட்கவில்லை.

லாவண்யா மூன்றாவது முறை ஊதினாள். இழையை மையின்மேல் வைத்தாள். இழை எங்கே முடிகிறது, மை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கந்தசாமியின் கரண்டி மறுபடி சிவப்பை அள்ளிக்கொண்டு அண்டாவுக்கு மேலே வந்திருந்தது.

"மாமா, கஞ்சி ஆறுது. வாங்க."

கரண்டி அப்படியே நின்றது.

எல்லப்பன் சிரித்துவிட்டார். கன்னியம்மாள் அண்ணி ஊரில் இல்லாவிட்டாலும் இந்த வீட்டில் கஞ்சி ஆறுவது நிற்காதுபோல என்றார். கந்தசாமி சிரிக்கவில்லை. ஆவிக்கு அந்தப் பக்கம் நின்ற மருமகளை ஒரு மூச்சு நேரம் பார்த்தார். கரண்டியிலிருந்த சாயத்தைச் சிந்தாமல் டப்பாவிலேயே திருப்பிக் கொட்டி, மூடியை அழுத்தினார்.

"எறக்கு எல்லப்பா" என்றார்.

* * *

அலசிய சிட்டங்களைப் பின்கட்டு மூங்கிலில் தொங்கவிட்டார்கள். ஈரத்தில் கறுத்துத் தெரிந்தவை, காற்றுப் படப் பட மெதுவாக விழித்துக்கொண்டன. ஓரத்திலிருந்து உள்பக்கமாக, ஒரு தோட்டம் பூப்பதுபோல நிறம் ஏறியது. எல்லப்பன் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றார். உங்கள் கண் கண்தான் அண்ணா என்றார். கந்தசாமி சமையலறைக்கு வந்தார்.

பலகையில் உட்கார்ந்தார்.

"கஞ்சி எங்க?"

அடுப்பில் சோறும் சாம்பாரும்தான் இருந்தன. லாவண்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வைக்கல மாமா."

"வைக்காத கஞ்சி எப்படிம்மா ஆறும்?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. வெகுதூரம் சுமந்து வந்த ஒன்றை இறக்கி வைத்தவரின் களைப்புத்தான் இருந்தது.

கண்ணில் யாரோ மஞ்சள் துணியைக் கட்டியதுபோல் இருக்கிறது என்று அவர் சொன்னார். தீனா மெஷின் என்று சொன்ன காலத்திலேயே லேசாக மங்க ஆரம்பித்திருந்ததாம். பிள்ளைமேல் வந்தது பாதிதான் கோபம், மீதி பயம் என்றார். கன்னியம்மாளின் கஞ்சி எதற்கு ஆறுகிறது என்பதும் அவருக்கு முதல் தடவையே தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாளோ என்று திட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

"பதினஞ்சு நாளா நோட்டை ஒன் பக்கம் திருப்பி வெச்சேன். இது நீலம் இல்ல மாமான்னு ஒரு வார்த்தை சொல்லுவன்னு பாத்தேன். நானாக் கேக்க வாய் வரல."

"நீங்க சொன்னா அதான் நெறம்னு இருந்துட்டேன் மாமா."

"எல்லாரும் அப்படியே இருந்துட்டீங்க" என்றார். "அதான் எனக்குப் பெரிய கஷ்டமாப் போச்சு."

லாவண்யா அழுதுவிட்டாள். மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதரைத் தனியே விட்டுவிட்டோமே என்று இருந்தது. பெரியவர்களுக்குக் கை கூப்புகிறோம். சில நேரம் அந்தக் கையைப் பிரித்து அவர்கள் கையைப் பிடிக்கவும் வேண்டியிருக்கிறது.

அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். பட்டுக்கு நிறம் பார்த்தது தன் கண் இல்லை, லாவண்யாவின் கண் என்று எல்லப்பனிடம் சொன்னார். காரணத்தையும் சொன்னார். எல்லப்பன் ஒரு சிட்டத்தை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நாலு கண்ணு பாத்த பொடவைன்னு என் பொண்ணுகிட்ட சொல்றேன்" என்றார்.

திரும்பி வந்த கந்தசாமி நோட்டைக் கேட்டார். அவள் முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடிப் பேனாவைப் பதினேழாவது புட்டியில் தொட்டு, காலையில் எழுதிய 'நீலம்' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். அதன் கீழே, 'கத்திரிப்பூ. லாவண்யா சொன்னது' என்று எழுதினார்.

"ம். படம் புடி. அனுப்பு அவனுக்கு."

லாவண்யா நிமிர்ந்தாள்.

"கண்ணுதாம்மா மங்கிச்சி. தெனம் நீ போனைத் தூக்கிகினு நோட்டுகிட்ட போறது தெரியாமப் போயிடுமா" என்றார்.

அவள் படம் எடுத்து அனுப்பினாள். பிறகு அவர் முகம் மாறியது. கன்னியம்மாள் சேத்துப்பட்டுக்குப் போன மறுநாளே சேவூர் நெசவாளர் தனசேகரனுக்கு ஒரு பாவுக்குச் சாயம் போட்டுக் கொடுத்ததைச் சொன்னார். தனசேகரன் மயில் நீலம் கேட்டிருந்தார். அன்று கஞ்சி ஆறுகிறது என்று கூப்பிட யாரும் இல்லை. கேட்டதும் கொடுத்ததும் ஒன்றுதானா என்று கந்தசாமிக்கே தெரியாது. நாளைக்கு முதல் வேலையாகச் சேவூர் போய், நடந்ததைச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. தீனா.

கந்தசாமி கையை வேட்டியில் துடைத்தார். ஊதா போகவில்லை. அந்த விரல்களோடே போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"பதினெட்டு என்னா நெறம்னு முன்னாடியே சொல்லிடாத" என்றார்.

அந்தப் பக்கம் அழுகிறானா, சிரிக்கிறானா என்று லாவண்யாவுக்குத் தெரியவில்லை. அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். இன்று உண்மையாகவே கஞ்சி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அது கொதிக்கும்வரை மாமாவின் குரல் ஏறியும் இறங்கியும் கேட்டுக்கொண்டே இருந்தது. கண் டாக்டர் என்ற பேச்சு வந்தது. "எனக்கு ஆடியிலருந்து உங்கம்மாதான்டா மெஷின்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் கேட்டு இரண்டு வருடமாயிற்று.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது.

லாவண்யா எட்டிப் பார்த்தாள். சேவூர் தனசேகரன். இறங்கி, வண்டியின் பின்னால் கட்டியிருந்த வெள்ளைத் துணி மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. மூட்டையின் ஓரத்தில் ஒரு விரல்கடை அளவுக்குப் பட்டு வெளியே தெரிந்தது.

அவள் நின்ற இடத்திலிருந்தே நிறம் சொல்ல முடிந்தது. பச்சை. குளத்துப் பாசிபோல நல்ல, தெளிவான பச்சை.

அவர் பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுப்பதற்குள் லாவண்யா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"மாமா மகன்கிட்ட பேசிகினு இருக்காரு" என்றாள் தாழ்ந்த குரலில். "இன்னா சொல்லணுமோ சொல்லுங்க, அவரும் உங்ககிட்ட சொல்ல வேண்டியது இருக்கு. அதுக்கு முன்ன உள்ள வந்து உக்காருங்கண்ணா. கஞ்சி சூடா இருக்கு."

தனசேகரன் மூட்டையை எடுத்துத் தோளில் வைத்தார். உள்ளேயிருந்து வந்த சிரிப்பைக் கேட்டு, அது முடியட்டும் என்று, செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றார்.